இரண்டு இடத்தில் இருந்த ஆரோக்கியசாமி

எங்கள் மாவட்டத்தில் ஓய்வு பெற்ற காவலர்கள் சேர்ந்து மலர் ஒன்று போடுகிறார்கள். பணிக்காலத்தில் செய்த வீரச் செயல் எதையாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். முப்பத்து நான்கு வருட சர்வீஸில் நான் ஒரே ஒரு திருடனைத் துரத்தியிருக்கிறேன். அவன் தப்பிவிட்டான். மற்ற காலமெல்லாம் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதைப் பற்றித்தான் என்னால் எழுத முடியும் என்றேன். அதுவும் போதும் என்றார்கள். பக்கம் நிரம்ப வேண்டும் போலிருக்கிறது.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் விசாரணை வந்தது. வந்த காவலர் கையில் சிலேட்டு மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். நாலு கேள்வி கேட்டார், ஒரு போட்டோ எடுத்தார், விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "அவ்வளவுதானா தம்பி?" என்றேன். "அவ்வளவுதாங்க ஐயா. மேல போயிடுச்சு" என்றார். எங்கள் காலத்தில் ஒரு தாள் மேலே போக ஒரு மாதம் ஆகும். மேலேயிருந்து கீழே வர அதைவிட அதிகம். அப்படிக் கீழே வந்த ஒரு தாளைப் பற்றி எழுதலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

நான் எழுபத்து நான்கில் காவலராகச் சேர்ந்தேன். பயிற்சியில் ஓடச் சொன்னார்கள், ஓடினேன். சுடச் சொன்னார்கள், சுட்டேன். என் குறியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. கையெழுத்து நன்றாக இருந்ததால் இரண்டே வருடத்தில் குன்னம் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனில் ரைட்டருக்கு உதவியாக உட்கார வைத்தார்கள். பிறகு நானே ரைட்டர். புகார், டைரி, சம்மன், பந்தோபஸ்து என்று ஸ்டேஷனிலிருந்து வெளியே போகும் எழுத்து எல்லாம் ரைட்டர் கையால்தான் போகும்.

எழுபத்தேழு, எழுபத்தெட்டில் ஒரு புது வேலை சேர்ந்தது. வளைகுடா நாடுகளில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வானம் பார்த்த பூமியில் பருத்தியும் சோளமும் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார்கள். விசாரணைத் தாள்கள் கட்டுக் கட்டாக வந்தன. நான் சைக்கிளில் ஊர் ஊராகப் போவேன். ஆள் இருக்கிறாரா, வழக்கு உண்டா, ஊரில் இரண்டு பேர் சாட்சி சொல்வார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவேன். போலீஸ்காரன் வருவதைப் பார்த்து ஊரே சிரித்துக்கொண்டு எதிரே வந்தது அந்த நாலைந்து வருடம் மட்டும்தான்.

எண்பத்திரண்டில் அரியலூருக்குத் தெற்கே இருந்த ஒரு ஸ்டேஷனுக்கு ஏட்டாக மாற்றலாகி வந்தேன். அங்கே எஸ்.ஐ. கோதண்டபாணி ஐயா. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த அறிக்கையையும் கண்ணால் படித்துக் கையெழுத்துப் போட மாட்டார். வயர்லெஸ் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, "வாசி" என்பார். நான் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஏதாவது உறுத்தினால் விரலைத் தூக்குவார்.

வந்த முதல் வாரத்திலேயே விரல் தூக்கினார். பாஸ்போர்ட் விசாரணை ஒன்றில் 'மனுதாரர் நல்ல நடத்தை உள்ளவர்' என்று எழுதியிருந்தேன். எல்லோரும் எழுதுகிற வரிதான்.

"இத நீ பாத்தியா, கேட்டியா, நெனச்சியா?"

"ஊர்ல விசாரிச்சேன் ஐயா."

"விசாரிச்சப்ப என்ன சொன்னாங்க?"

"யாரும் தப்பா சொல்லல ஐயா."

"அப்ப 'தவறாக யாரும் கூறவில்லை'ன்னு எழுது. நல்லவன்னு நீ நெனச்சிருக்க. நெனச்சத வீட்டுல வச்சிட்டு வா."

ஆறு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். பார்த்தது, கேட்டது இரண்டைத் தவிர வேறெதுவும் எங்கள் ஸ்டேஷனிலிருந்து தாளில் வெளியே போகவில்லை.

எண்பத்து மூன்றில் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கென்று புதுச் சட்டம் வந்தது. ஆள் எடுக்கும் ஏஜெண்டு பதிவு செய்திருக்க வேண்டும், அதிகம் படிக்காதவர்கள் வேலை ஒப்பந்தத்தைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். ஏமாற்றுவதைத் தடுப்பதற்கான சட்டம். நல்ல சட்டம்தான். அது நடைமுறைக்கு வந்து எல்லோரும் பழகிக்கொள்வதற்குள் அந்தப் பக்கம் எண்ணெய் விலை விழுந்துவிட்டது. எண்பத்தைந்து, எண்பத்தாறில் கட்டடங்கள் பாதியில் நின்றன. விசாரணைக் கட்டு மெலிந்துகொண்டே வந்தது. போகிறவர்களுக்குச் சட்டத்தில் பல வாசல் வைத்திருந்தார்கள். திரும்பி வருகிறவர்களைப் பற்றி அதில் அதிகம் இல்லை.

அவர்கள் வரத் தொடங்கினார்கள். சென்ட் பாட்டிலும் டேப் ரிக்கார்டரும் கொண்டு வந்தவர்கள் போன வருடத்து ஆட்கள். இப்போது வந்தவர்கள் ஒரு பையோடு வந்தார்கள். அங்கே சாரம் கட்டி ஏழு மாடி ஏறியவர் இங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தினக்கூலிக்கு நின்றார். அதற்கும் நாலு பேர் போட்டி. ஏஜெண்டு மேல் புகார் கொடுக்க வருவார்கள். ஏஜெண்டு வீட்டுக்கு நாங்கள் போவதற்குள் அவர் வேறு ஊரில் இருப்பார்.

எண்பத்தாறு ஆவணியில் அந்தத் தாள் வந்தது. அதுவரை நான் பார்க்காத படிவம். அங்கே உள்ள நமது தூதரகம் டெல்லிக்கு எழுதி, டெல்லி சென்னைக்கு எழுதி, சென்னை எஸ்.பி. ஆபீசுக்கு எழுதி எங்களிடம் வந்திருந்தது. பதினோரு வாரம் ஆகியிருந்தது. விஷயம் இதுதான். ஒரு கட்டடக் கம்பெனி மூடிவிட்டது. முதலாளி போன இடம் தெரியவில்லை. தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டெல்லாம் அவரிடம். தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஆட்கள் ஊர் திரும்ப வேண்டுமானால் தூதரகம் அவசரச் சான்றிதழ் தர வேண்டும். அதைத் தர, அவர்கள் இந்தியர்கள்தானா என்று சொந்த ஊரில் விசாரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் எல்லைக்கு ஒருவர். பெயர் ஆரோக்கியசாமி, தகப்பனார் பெயர் அந்தோணிசாமி, ஏலாக்குறிச்சிக்கு மூன்று மைலில் ஒரு ஊர். மூலையில் ஒரு போட்டோவைக் குத்தியிருந்தார்கள். தாடியும் ஒட்டிய கன்னமுமாக ஒருவர், சுவரை ஒட்டி நின்றார்.

நான்கு கேள்விகள் கேட்டிருந்தார்கள். அந்த முகவரியில் அந்தக் குடும்பம் உண்டா? படத்தில் இருப்பவரைக் குடும்பத்தார் அடையாளம் காட்டுகிறார்களா? அவர் பிறப்பால் இந்தியரா, அதற்கு ஆதாரம் என்ன? வழக்கு ஏதும் உண்டா? அரை நாள் வேலை என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

முதலில் ஊரில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தேன். "ஆரோக்கியசாமியா? அவரு ரெட்டிபாளையத்துல சிமெண்ட் பேக்டரில பெர்மனென்ட் ஆளாச்சே. போன வாரம் தீர்வை கட்ட வந்தாரே" என்றார். தாளை மறுபடி படித்தேன். அதில் ஆரோக்கியசாமி கடலுக்கு அப்பால் இருந்தார்.

வீட்டில் முப்பது வயதுப் பெண் ஒருவர் விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். பெயர் லூர்துமேரி. போட்டோவைக் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"தாடி வச்சிருக்காரே" என்றார்.

"யாரும்மா இவரு?"

"எங்க வூட்டுக்காரருங்க."

"பேரு?"

"ஆரோக்கியசாமிங்க." பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் வந்தது.

ரேஷன் கார்டைக் காட்டச் சொன்னேன். குடும்பத் தலைவர் பெயர் சவரிமுத்து என்று இருந்தது.

"சவரிமுத்து யாரு?"

"அதும் அவருதாங்க."

"ஆரோக்கியசாமி?"

"அதும் அவருதாங்க."

"ரெட்டிபாளையத்துல பேக்டரில வேல பாக்குறவரு?"

அவர் கடலைக் கூடையைப் பார்த்துக்கொண்டே, "அதும் ஆரோக்கியசாமிதாங்க" என்றார்.

பிறகு மெல்லச் சொன்னார். ரெட்டிபாளையத்தில் இருப்பவர் கணவரின் அண்ணன். பாஸ்போர்ட் அவருடையது. ஏழு வருடத்துக்கு முன்னால் அதில் ஏறிப் போனவர் தம்பி சவரிமுத்து. அங்கே எல்லாத் தாளிலும் அவர் ஆரோக்கியசாமி. இங்கே வரும் கடிதத்தின் பின்பக்கத்திலும் ஆரோக்கியசாமி என்றுதான் இருக்கும். யார் கேட்டாலும் அந்தப் பெயரையே சொல்ல வேண்டும் என்று லூர்துமேரிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். "ஏழு வருசமா தபால்காரருகிட்ட கூட அப்புடித்தாங்க சொன்னேன்" என்றார். ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதே அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. "எழுதித் தர்றீங்களா?" என்றேன். "மாமாவக் கேக்காம எதும் சொல்ல மாட்டேங்க" என்றார். கணவனின் அண்ணனை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

ரெட்டிபாளையம் எங்கள் எல்லை இல்லை. எஸ்.ஐ. ஐயா அந்த ஸ்டேஷனுக்குப் போனில் தகவல் சொல்லி, நேரத்தைக் குறித்துக்கொண்டு என்னை அனுப்பினார். மறுநாள் அரியலூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். முன்னால் பெண்கள் சீட்டில் லூர்துமேரி உட்கார்ந்திருந்தார். அரியலூரில் இறங்கி இருவரும் அதே அடுத்த பஸ்ஸில் ஏறினோம்.

ஆரோக்கியசாமி இரவு ஷிப்டு முடிந்து வந்து குளித்திருந்தார். நாற்பது வயது, கனத்த உடம்பு. தலை துவட்டிய பிறகும் புருவத்தில் சாம்பல் நிறம் போகவில்லை. அந்த ஊரில் மரம், கூரை, மாடு எல்லாவற்றுக்கும் அதே நிறம்தான். எனக்கு நாற்காலி போட்டார். லூர்துமேரி வாசற்படிக்கு வெளியே நின்றார். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன்.

"தொலஞ்சு போச்சுங்க. பஸ்ல."

"புகார் குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

போட்டோவை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். தாடியை மறைக்கிற மாதிரி கட்டைவிரலைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இது யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆரோக்கியசாமி நான்தான். நான் இங்கதான் இருக்கேன்."

வாசலில் இருந்து லூர்துமேரி, "மாமா" என்றார். ஆரோக்கியசாமி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

குற்ற வழக்கில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. இந்த மாதிரி விசாரணையில் வாங்கலாம். அவர் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். அழகான கையெழுத்து.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. லூர்துமேரி எனக்கு முன் சீட்டில் வந்து உட்கார்ந்து, திரும்பாமலே கேட்டார்.

"இப்ப என்னங்க ஆவும்?"

"படத்துல இருக்கறவரு யாருன்னு தெரியலன்னு போவும்."

"போனா?"

"இந்தியர்னு அத்தாட்சி இல்லன்னு ஆவும். சான்றிதழ் குடுக்க மாட்டாங்க."

"அப்ப அங்கயே இருப்பாரா?"

"இருப்பாரு."

லூர்துமேரி என்னிடம் சொன்னது நான் கேட்டது. ஆனால் எழுதிக் கொடுக்க மறுக்கிறார். அண்ணன் எழுதிக் கொடுத்தது, நான் பார்த்ததற்கு நேர்மாறு.

கோதண்டபாணி ஐயாவிடம் எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஒரு வாரம் வைய்யி" என்றார். எதையும் ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்காத மனிதர். ஒரு வாரம் இரண்டாயிற்று. எஸ்.பி. ஆபீசிலிருந்து நினைவூட்டுக் கடிதம் வந்தது. பதில் வராத ஆட்களைக் குடியுரிமை உறுதிப்படாதவர்கள் என்று கொள்ள நேரிடும் என்று அதில் எழுதியிருந்தது.

அந்த வாரம் லூர்துமேரி ஸ்டேஷனுக்கு வந்தார். கோவில் பங்குச் சாமியாரிடம் போய், சவரிமுத்துவின் ஞானஸ்நானப் பதிவின் நகலும், தன் கல்யாணச் சான்றிதழும் வாங்கி, ஒரு பாலிதீன் பையில் சுருட்டி வைத்திருந்தார். பஸ்ஸை விட்டுவிட்டதால் நடந்தே வந்திருக்கிறார். எஸ்.ஐ. ஐயா உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"நான் எழுதித் தரேங்க. அவரு சவரிமுத்துங்க. எங்க மாமா பாஸ்போர்ட்டுலதான் போனாரு."

"இத எழுதிக் குடுத்தா உன் வீட்டுக்காரரு மேல கேஸ் வரும்மா. வந்து இறங்குன உடனே புடிப்பாங்க. தெரியுமா?"

"தெரியுங்க. சாமியாரு சொன்னாரு."

"ஜெயில்ல போடுவாங்க."

"போடட்டுங்க. ஜெயில்னாலும் நம்ம ஊரு ஜெயில்தானங்க. பஸ்ஸு ஏறிப் போயி பாத்துக்குவேன்."

எஸ்.ஐ. ஐயா, "உங்க மாமாவுக்கு வேலை போனாலும் போகும்" என்றார். லூர்துமேரி பாலிதீன் பையை மேசையில் வைத்தார். பிறகு, "அவருக்குத் தெரியாம எழுதித் தர்றேன்னு நெனைக்காதீங்க. நேத்து போயி சொல்லிட்டுதான் வந்தேன்" என்றார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"சாப்பிட்டுட்டுப் போன்னாருங்க."

அவருடைய வாக்குமூலத்தை எழுதினேன். அவர் போன பிறகு எஸ்.ஐ. ஐயா என்னிடம், "மறுபடியும் அந்த அண்ணங்காரரப் போயிப் பாரு. இந்தம்மா எழுதிக் குடுத்ததச் சொல்லு. வற்புறுத்தாத. இன்னொரு தடவ கேளு, அவ்ளோதான்" என்றார்.

பகல் ஷிப்டு முடியும் நேரத்துக்கு பேக்டரி கேட்டுக்குப் போனேன். சங்கு ஊதியதும் ஆட்கள் வெளியே வந்தார்கள். பெர்மனென்ட் ஆட்கள் ஒரு வழி, காண்டிராக்ட் ஆட்கள் ஒரு வழி. காண்டிராக்ட் வழிக்கு எதிரே, வேலை கேட்டு வந்தவர்கள் கொளுத்தும் வெயிலில் நின்றார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிய இரண்டு முகங்கள் எனக்கே அதில் தெரிந்தன. ஆரோக்கியசாமி என்னைப் பார்த்ததும் நேரே என்னிடம் வந்தார். எதிர்பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எழுதிக் குடுத்துட்டுதா அந்தப் புள்ள?"

"குடுத்துட்டாங்க."

டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை. கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"பாஸ்போர்ட்டு எனக்குத்தாங்க எடுத்தேன். விசா வந்திருச்சு, டிக்கெட் வந்திருச்சு. கெளம்பறதுக்கு நாலு நாளு இருக்கறப்ப இங்கேருந்து வேலைக்கு ஆர்டர் வந்துது. ஊரோட இருக்கலாம், பெர்மனென்ட்டு. ஏஜெண்டுகிட்ட சொன்னா, போறதுக்கு ஒரு ஆளு வேணும், ரெண்டு பேரும் ஒரே ஜாடையாத்தான் இருக்கீங்கன்னான். தம்பி மாட்டேன்னான். அப்பதான் அவனுக்குக் கல்யாணம் ஆயி ஆறு மாசம். இங்க கூலி வேல பாத்து என்னடா பண்ணப்போறன்னு நான்தான் திட்டி அனுப்புனேன். ஏர்போர்ட்டுக்குப் போற வழியெல்லாம், உன் பேரு என்னா, உன் பேரு என்னான்னு கேட்டுக்கிட்டே போனேன். திருச்சி தாண்டற வரைக்கும் சவரிமுத்துன்னே சொன்னான்."

வேலை கேட்டு நின்றவர்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"அவங்கள தெனம் பாக்கறேன். இந்த வேல போச்சுன்னா நானும் அந்தப் பக்கம்தான் நிக்கணும். மூணு புள்ளைங்க. அன்னிக்கு அதான் தோணுச்சு. வேற எதும் தோணலீங்க."

நான் வற்புறுத்தவில்லை. பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுக்கக்கூட இல்லை. அவரே, "எழுதுங்க ஏட்டையா" என்றார். டீக்கடை பெஞ்சில் வைத்தே எழுதினேன். படத்தில் இருப்பது என் உடன்பிறந்த தம்பி சவரிமுத்து, என் பாஸ்போர்ட்டை நானே கொடுத்து அனுப்பினேன் என்று ஆறு வரி. இந்தத் தடவை கையெழுத்து அவ்வளவு அழகாக இல்லை.

ஸ்டேஷனுக்கு வந்து, முதல் வாக்குமூலத்தை எடுத்துவிட்டு இரண்டாவதை மட்டும் அனுப்பலாமா என்று கேட்டேன். எஸ்.ஐ. ஐயா விரலைத் தூக்கினார்.

"முதல்ல சொன்னது யாரு?"

"அவருதான் ஐயா."

"கேட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப ரெண்டும் போகட்டும். ஒண்ண எடுத்தா, மிச்சம் இருக்கறத எவன் நம்புவான்?"

இரண்டும் போயின. நினைத்ததுபோலவே மூன்று வாரத்தில் எஸ்.பி. ஆபீசிலிருந்து கேள்வி வந்தது. ஒரே நபர் முன்னுக்குப் பின் முரணாகக் கூறியிருப்பதற்குக் காரணம் என்ன, பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக அவர் மேல் தனி நடவடிக்கை எடுக்க வேண்டுமா என்று. அன்று எஸ்.ஐ. ஐயா என்னை எழுதச் சொல்லவில்லை. பேனாவை எடுத்துத் தானே எழுதினார். பிறகு என்னிடம் கொடுத்து, "வாசி" என்றார். வாசித்தேன். 'தம்பி சிறை செல்ல நேரிடுமே என்ற அச்சத்தினாலும், உடன்பிறந்த பாசத்தினாலும் முதலில் உண்மையை மறைத்திருக்கிறார். கெட்ட நோக்கம் இல்லை. தனி நடவடிக்கை தேவையில்லை.'

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இதில் எது பார்த்தது, எது கேட்டது என்று நான் கேட்கவில்லை. கவரில் போட்டு ஒட்டினேன். அதற்கு மேல் கேள்வி வரவில்லை.

சவரிமுத்து மார்கழிக் கடைசியில் வந்து சேர்ந்தார். விமானம் பம்பாயில் இறங்கியது, அங்கேயே பிடித்தார்கள். வழக்கு, இறங்கின ஊரில்தான் நடக்கும். லூர்துமேரி பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் தூரத்தில் அந்த ஜெயில் இல்லை. ஆரோக்கியசாமியை பேக்டரியில் விசாரணைக்காக சஸ்பெண்டு செய்திருந்தார்கள். அதனால் லீவு எழுதிக் கொடுக்கும் வேலை அவருக்கு இல்லை. தம்பி மனைவியை அழைத்துக்கொண்டு பம்பாய் போனார். லூர்துமேரி அதுவரை திருச்சியைத் தாண்டிப் போனவர் இல்லை. ஆறு வாரம் கழித்து, குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்று, உள்ளே இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து விட்டுவிட்டார்கள். மூவரும் ஒன்றாக ரயிலில் வந்தார்கள். பேக்டரியில் ஆரோக்கியசாமியை நாலு மாதம் வெளியே வைத்திருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வர வேண்டிய ஆபரேட்டர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. கடைசிவரை அவருக்கு அது வரவில்லை. சவரிமுத்து அதே பேக்டரியில் காண்டிராக்ட் ஆளாக மூட்டை ஏற்றப் போனார். இடம் கிடைக்க அவரும் அந்த வெயிலில் மூன்று மாதம் நின்றார்.

ஆனியில் ஒரு நாள் காலை சவரிமுத்து ஸ்டேஷனுக்கு வந்தார். கல்யாணச் சான்றிதழின் அசலை நாங்கள் விசாரணைக்காக வாங்கி வைத்திருந்தோம். அதைத் திரும்பக் கேட்டு வந்தார். அதுவரை நான் அவரைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். தாடி எடுத்திருந்தார். அண்ணன் ஜாடை அப்படியே இருந்தது, பாதி உடம்பில்.

பைலைத் தேடி எடுத்து மேசையில் வைத்தேன். சான்றிதழைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டேன். பேனாவை வைத்து ஆரோ என்று எழுதிவிட்டு நிறுத்தினார். "பழக்கம் ஏட்டையா" என்று அடித்துவிட்டுச் சவரிமுத்து என்று எழுதினார். அப்புறமும் போகாமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"பம்பாய்லேருந்து ரெண்டு நாளு ரயில்ல வந்தோம். அண்ணன் ஒரு வார்த்த பேசல. ஸ்டேசனுக்கு ஸ்டேசன் எறங்கி டீ வாங்கியாந்து குடுத்தாரு, அவ்ளோதான். நான் குடிக்க மாட்டேன்னு சொன்னாலும் வாங்கியாந்தாரு."

நான் பைலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"என் போட்டோவ நீங்கதான் அவருகிட்ட கொண்டு போயி காட்டுனீங்களாமே. அப்ப என்ன சொன்னாரு?"

அண்ணனின் முதல் வாக்குமூலத்தின் நகல் அந்த பைலில் மேலிருந்து மூன்றாவது தாள். ஒரு முடிச்சை அவிழ்த்தால் வாசித்துக் காட்டலாம். எஸ்.ஐ. ஐயா உள் அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வயர்லெஸ் ஓடவில்லை. நான் பேசுவது அவருக்குக் கேட்கும்.

"தம்பின்னு சொன்னாரு" என்றேன்.

"பாத்த உடனேயா?"

"பாத்த உடனே."

உள் அறையில் பேப்பர் திருப்பும் சத்தம் நின்றது. பிறகு ஒரு பக்கம் திருப்பினார்.

சவரிமுத்து சான்றிதழை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பட்டனைப் போட்டார்.

"அன்னிக்கு லூர்தும் அங்கதான் வாசல்ல நின்னுருக்கு" என்றார். "அது வேற மாதிரி சொல்லுச்சு."

நான் பைலை அலமாரியில் வைத்தேன்.

"இருக்கட்டும் ஏட்டையா. நீங்க சொன்னதையே வச்சுக்கறேன்" என்று கும்பிட்டுவிட்டு, ரெட்டிபாளையம் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று பஸ்ஸுக்கு நடந்தார்.